காலேஜ் புராஜெக்ட்: உண்மையான ஆராய்ச்சியா, வெறும் சான்றிதழா? கண்டுபிடிப்பது எப்படி?

பி.எஸ்சி. கடைசி வருஷம் வந்துவிட்டால் போதும், 'புராஜெக்ட்' பேச்சு ஆரம்பித்துவிடும். திண்டுக்கல் டவுனிலேயே இருப்பவரானாலும் சரி, வேடசந்தூர், நத்தம், ஒட்டன்சத்திரத்திலிருந்து தினமும் பஸ் ஏறி வருபவரானாலும் சரி, ஸ்பைரல் பைண்டிங் போட்ட ஓர் அறிக்கையைக் கொடுத்தே ஆக வேண்டும். ஆனால் அறிக்கையைக் கொடுத்த பிறகு மாணவருக்கு என்ன மிஞ்சுகிறது? அதை எப்படி அளப்பது? விரிவாகப் பார்ப்போம்.

இப்போது ஏன் இந்தப் பேச்சு?

2022 டிசம்பரில் யுஜிசி வெளியிட்ட இளங்கலைப் பாடத்திட்டக் கட்டமைப்பில், நான்கு ஆண்டுப் படிப்புக்குள் ஆராய்ச்சிக்கெனத் தனிப் பிரிவு கொண்டுவரப்பட்டது. முதல் 6 செமஸ்டர்களில் 75 சதவீதமும் அதற்கு மேலும் எடுத்தவர்கள் இதில் சேரலாம். மொத்தம் 160 கிரெடிட்டில் 12 கிரெடிட் ஆராய்ச்சிக்கு. தேசிய கல்விக் கொள்கையைத் தமிழ்நாடு அரசு ஏற்கவில்லை என்றாலும், மூன்றாண்டுப் படிப்பிலும் புராஜெக்ட், இன்டர்ன்ஷிப், களப்பணி எல்லாம் ஏற்கெனவே நுழைந்துவிட்டன. இதற்காக மாணவர்கள் நேரமும் பணமும் செலவழிக்கிறார்கள். அதனால்தான் மதிப்பீடு முக்கியமாகிறது.

திண்டுக்கல்லுக்கு இது புதுசா?

இல்லை. சின்னாளப்பட்டி பக்கத்தில் உள்ள காந்திகிராம கிராமிய நிறுவனம் 1956-ல் தொடங்கப்பட்டது. 1976-ல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமானது. டாக்டர் சௌந்தரமும் ஜி.ராமச்சந்திரனும் போட்ட அஸ்திவாரம் அது. மாணவர்கள் கிராமத்திலேயே தங்கி, அங்குள்ள நிலவரத்தைத் தெரிந்துகொள்வது அந்த நிறுவனப் படிப்பின் ஒரு பகுதி. வகுப்பறைக்கு வெளியே போய்க் கற்பது இந்த ஊருக்குப் பழகிய விஷயம்தான்.

இதுதவிர, மத்திய அரசின் இன்ஸ்பயர் உதவித்தொகை திட்டமும் உண்டு. அடிப்படை அறிவியல் படிக்கத் தேர்வாகும் மாணவருக்கு ஆண்டுக்கு 80,000 ரூபாய். அதில் 20,000 ரூபாய் கோடைக்கால ஆராய்ச்சிப் பயிற்சிக்கென்றே ஒதுக்கப்பட்டது. இந்தியாவின் மூன்று அறிவியல் அகாடமிகள் சேர்ந்து நடத்தும் கோடைக்கால ஆராய்ச்சித் திட்டத்தில், தேர்வாகும் மாணவர்கள் இரண்டு மாதம் ஒரு விஞ்ஞானியிடம் வேலை பார்க்கலாம்.

இப்போது எப்படி மதிப்பிடுகிறார்கள்?

பெரும்பாலும் எண்ணிக்கைதான். கல்லூரிகளுக்குத் தரச்சான்று தரும் நாக் அமைப்பு, எத்தனை சதவீத மாணவர்கள் புராஜெக்ட், களப்பணி, இன்டர்ன்ஷிப் செய்தார்கள் என்று கேட்கிறது. தேவையான கேள்விதான். ஆனால் எத்தனை பேர் செய்தார்கள் என்பது தெரியுமே தவிர, என்ன கற்றார்கள் என்பது அதில் தெரியாது.

அடுத்தது, கடைசி நாளில் கொடுக்கும் ஃபீட்பேக் படிவம். 'நிறைய கத்துக்கிட்டேன்' என்று 5-க்கு 5 போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். இது நம்மூர் பிரச்சினை மட்டுமல்ல. இளங்கலை ஆராய்ச்சி அனுபவம் பற்றிய 60 ஆய்வுகளை அலசி 2015-ல் 'சயின்ஸ்' இதழில் ஒரு கட்டுரை வந்தது. அந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை மாணவர்கள் தங்களைப் பற்றித் தாங்களே சொன்னதை நம்பியே நடந்திருந்தன.

மார்க் எடுப்பவர்களை மட்டும் சேர்த்தால்?

இங்கேதான் பெரிய சிக்கல். 75 சதவீதத்துக்கு மேல் எடுத்தவர்களை மட்டும் ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொள்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். பிறகு அவர்கள் எம்.எஸ்சி., பிஎச்.டி. போனால், "எங்கள் திட்டம் வெற்றி" என்று சொல்லலாமா? அவர்கள் எப்படியும் போயிருப்பார்களே! அதனால் இதே அளவு மார்க் எடுத்து, திட்டத்தில் சேராத மாணவர்களோடு ஒப்பிட வேண்டும். சேரும் முன் என்ன தெரிந்தது, முடித்த பின் என்ன தெரிகிறது என்றும் பார்க்க வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. அறிவியல் துறைகளில் குறைவாக இடம் பெற்ற சமூகப் பிரிவு மாணவர்கள் படிப்பை விட்டு விலகாமல் இருக்க ஆராய்ச்சி அனுபவம் உதவுகிறது என்கிறது அமெரிக்க தேசிய அகாடமிகளின் 2017 அறிக்கை. வீட்டில் முதல் பட்டதாரியாக வருபவரை மார்க்கை மட்டும் பார்த்து வெளியே நிறுத்தினால், யாருக்கு அதிகம் பயன்படுமோ அவரையே இழக்கிறோம்.

சரி, நல்ல மதிப்பீடு எப்படி இருக்கும்?

ஓர் உதாரணம். திண்டுக்கல்லைச் சுற்றித் தோல் பதனிடும் தொழிற்சாலைகளால் நிலத்தடி நீர் கெட்டது பல ஆண்டுப் பிரச்சினை. ஒரு வேதியியல் மாணவி கிணற்றுத் தண்ணீரில் உப்பின் அளவையும் குரோமியத்தையும் பார்க்கிறார். அட்டவணை அழகாக வந்திருக்கிறதா என்று பார்ப்பது மட்டும் மதிப்பீடு இல்லை. இந்தக் கிணறுகளை ஏன் தேர்ந்தெடுத்தார்? மழைக்கு முன்னும் பின்னும் எடுத்தாரா? தொழிற்சாலைக்குத் தூரத்தில் உள்ள கிணற்றோடு ஒப்பிட்டாரா? ஒரு அளவு மட்டும் தாறுமாறாக வந்தபோது என்ன செய்தார்? இதற்கெல்லாம் அவரே பதில் சொன்னால், ஆராய்ச்சி நடந்திருக்கிறது.

அதற்குச் சுலபமான வழிகள் உண்டு. தேதி போட்டு எழுதிய ஆய்வக நோட்டைப் பார்க்கலாம். அதில் அடித்தல் திருத்தல் இருந்தால் நல்ல அடையாளம். முன்பின் தெரியாத ஒரு தரவு அட்டவணையைக் கொடுத்து, "இதிலிருந்து என்ன சொல்ல முடியும், என்ன சொல்ல முடியாது?" என்று கேட்கலாம். காசு கொடுத்து ரெடிமேட் புராஜெக்ட் வாங்கியவர் இந்த இடத்தில் மாட்டிக்கொள்வார். ஓரிரு ஆண்டு கழித்து மாணவர் என்ன செய்கிறார் என்றும் விசாரிக்க வேண்டும்.

சேரும் முன் என்ன கேட்க வேண்டும்?

* ஒரு வழிகாட்டிக்கு எத்தனை மாணவர்கள்? வாரம் ஒரு முறையாவது உட்கார்ந்து பேசுவாரா?
* ஆய்வுக் கேள்வியை மாணவர் தேர்ந்தெடுக்க முடியுமா, தலைப்பு வருஷாவருஷம் அதேதானா?
* கருவியை மாணவரே கையாளலாமா, தள்ளி நின்று பார்ப்பதோடு சரியா?
* ரசாயனம், பயணம், சாம்பிள் பரிசோதனைச் செலவு யாருடையது?
* எதிர்பார்த்த முடிவு வராவிட்டால் மார்க் குறையுமா?

கடைசிக் கேள்விக்கு "குறையும்" என்று பதில் வந்தால் உஷாராகிவிடுங்கள். அங்கே மாணவர்கள் எண்களை 'சரிசெய்ய'த்தான் பழகுவார்கள். எதிர்பார்த்தது வராதபோது அதை மறைக்காமல் எழுத வைக்கும் துறை எதுவோ, அங்கே சேர்வதுதான் நல்லது.