பல் டாக்டர் சேரில் மயக்கம்: பயமா, சர்க்கரையா, மாரடைப்பா?

மாங்காட்டில் வெள்ளிக்கிழமை காலை என்றால் காமாட்சி அம்மன் கோயிலைச் சுற்றி வண்டி நகராது. ஆறு வார வேண்டுதல்காரர்கள் எலுமிச்சம்பழத்தோடு வரிசையில் நிற்பார்கள். விரதம் என்று வெறும் வயிற்றோடு வருபவர்களும் உண்டு.

இப்படி ஒரு காட்சியை நினைத்துப் பாருங்கள். 58 வயது அம்மா, காலையில் சாப்பிடவில்லை. சர்க்கரை மாத்திரையை மட்டும் வழக்கம்போல் போட்டுக்கொண்டு கோயிலுக்கு வந்திருக்கிறார். "வந்ததே வந்தோம், அந்தப் பல்லையும் பிடுங்கிட்டுப் போயிடலாம்மா" என்று மகன் பக்கத்து கிளினிக்குக்கு அழைத்துப் போகிறார். சேரில் உட்கார்ந்த பத்தாவது நிமிடம் அம்மாவுக்கு வியர்க்கிறது, கை நடுங்குகிறது, கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொல்கிறார். "ஊசின்னாலே அம்மாவுக்குப் பயம் டாக்டர்" என்கிறார் மகன்.

பயமாகவும் இருக்கலாம். ஆனால் அப்படியே விட்டுவிட்டால் ஆபத்து.

சாதாரண மயக்கம் எப்படி இருக்கும்?

பல் கிளினிக்குகளில் அதிகம் நடக்கும் அவசரநிலை இதுதான். ஊசி பயம், பசி, புழுக்கம் எல்லாம் சேர்ந்து நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் சட்டென்று இறங்கும். முகம் வெளுக்கும், சில்லென்று வியர்க்கும், கண் இருட்டும். சேரை மட்டமாகச் சாய்த்துக் காலைத் தூக்கி வைத்தால் பெரும்பாலும் சீக்கிரமே தெளிந்துவிடும். நிறைமாதக் கர்ப்பிணி என்றால் இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும். ஓரிரு நிமிடங்கள் ஆகியும் தெளியவில்லையா? அப்போது வேறு காரணத்தைத் தேட வேண்டும்.

சர்க்கரை இறங்கினால்?

அந்த அம்மாவுக்கு நடந்தது இதுவாகத்தான் இருக்க வாய்ப்பு அதிகம். கிளிமிபிரைடு போன்ற மாத்திரைகளும் இன்சுலினும் சாப்பாடு உள்ளே போனாலும் போகாவிட்டாலும் தங்கள் வேலையைச் செய்யும். குளுக்கோமீட்டரில் 70-க்குக் கீழ் காட்டினால் குறைவு. நடுக்கம், பசி, எரிச்சல், உளறல், சில நேரம் சண்டை போடுவது போன்ற பேச்சு... படுக்க வைத்தாலும் இவை மாறாது.

விழுங்கும் நிலையில் இருந்தால் 15 கிராம் குளுக்கோஸ், அதாவது சுமார் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பரிசோதிக்க வேண்டும். நினைவு இல்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். டாக்டர் நரம்பு வழியாக டெக்ஸ்ட்ரோஸ் அல்லது குளுககான் ஊசி கொடுப்பார்.

சர்க்கரை நோயாளிகளுக்கு நல்லது, டிபனும் மாத்திரையும் முடித்துவிட்டுக் காலை அப்பாயின்ட்மென்ட் வாங்குவது. விரத நாளில் பல் பிடுங்குவதை அடுத்த நாளுக்குத் தள்ளுங்கள். அம்மன் கோபித்துக்கொள்ள மாட்டாள்.

பல் வலி என்று வரும் மாரடைப்பு

இது பலருக்குத் தெரியாது. மாரடைப்பு வலி கீழ்த்தாடையிலும் வரும். மாடிப்படி ஏறும்போது தாடை வலித்து, உட்கார்ந்தால் குறைகிறது என்றால் அது பல்லின் வேலையாக இருக்காது. பல் டாக்டரிடம் போகும் முன் ஈசிஜி எடுங்கள். சேரிலேயே நெஞ்சு இறுக்கம் வந்தால் வேலையை நிறுத்தி, நோயாளிக்கு வசதியாக உட்கார வைத்து, ஒவ்வாமை இல்லாதவருக்கு 300 மில்லிகிராம் ஆஸ்பிரினை மென்று விழுங்கக் கொடுத்து, 108-ஐ அழைப்பதே வழக்கமான முறை. இதயத்துக்காக ஏற்கெனவே சாப்பிடும் ஆஸ்பிரினை "பல் பிடுங்கணும்ல" என்று நீங்களாக நிறுத்தாதீர்கள்.

மரத்துப்போகும் ஊசி போட்டதும் சிலருக்கு நெஞ்சு படபடக்கும். அதில் கலந்திருக்கும் அட்ரினலின் செய்யும் வேலை அது. சில நிமிடங்களில் அடங்கும். "எனக்கு ஊசி அலர்ஜி" என்று ஆயுள் முழுக்கச் சொல்லித் திரிபவர்களில் சிலருடைய கதை இவ்வளவுதான். நிஜ ஒவ்வாமை வேறு மாதிரி இருக்கும்: உடம்பெல்லாம் தடிப்பு, உதடு வீக்கம், மூச்சில் விசில் சத்தம். அப்போது அதே அட்ரினலின்தான் மருந்து. பெரியவர்களுக்கு 0.5 மில்லிகிராம், தொடைத் தசையில், தாமதிக்காமல். வலிப்பு வந்தால் கையில் சாவி கொடுப்பதும் வாயில் கரண்டி வைப்பதும் வேண்டாம்; சுற்றியிருக்கும் கருவிகளை நகர்த்துங்கள், நேரத்தைப் பாருங்கள். 5 நிமிடத்தைத் தாண்டினால் 108.

கிளினிக்கில் என்ன கேட்கலாம்?

ஏசியும் வைஃபையும் இருக்கிறதா என்று பார்ப்பவர்கள் ஆக்சிஜன் சிலிண்டர் இருக்கிறதா என்று கேட்பதில்லை. அட்ரினலின், குளுக்கோமீட்டர், ஆஸ்பிரின், இன்ஹேலர் எல்லாம் காலாவதியாகாமல் இருக்கிறதா என்று தயங்காமல் கேளுங்கள். உங்கள் பக்கமும் மறைக்காதீர்கள். "பல்லுக்கும் பிரஷர் மாத்திரைக்கும் என்ன சம்பந்தம்?" என்று நினைப்பவர்கள், மாத்திரை அட்டையைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொண்டால் போதும்.

மூச்சும் நினைவும் இல்லை என்றால் நெஞ்சு அழுத்தம் உடனே தொடங்க வேண்டும்: நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழம். பல் சேரிலேயே செய்யலாம். மட்டமாகச் சாய்த்து, முதுகுப் பகுதிக்கு அடியில் ஒரு ஸ்டூலை முட்டுக்கொடுத்தால் ஆடாது.

அதற்குள் ஒருவர் 108-இடம் பேசட்டும். தெருப் பெயரோடு பக்கத்துக் கோயில், பெட்ரோல் பங்க், எத்தனையாவது மாடி என்பதையும் சொல்லுங்கள். இன்னொருவர் கீழே இறங்கி ரோட்டில் நிற்கட்டும். குமணன்சாவடி நெரிசலைத் தாண்டி வரும் ஆம்புலன்ஸ், கடைகளுக்கு மேலே முதல் மாடியில் இருக்கும் கிளினிக்கின் படிக்கட்டைத் தேடி நேரத்தைத் தொலைக்கக் கூடாது.