அடுக்களையைப் புதுப்பிக்குமுன்

ஐதராபாத் மாநகரின் வடகிழக்கே குஷாய்குடா என்றொரு பகுதி உண்டு. 1967ஆம் ஆண்டில் இந்திய மின்னணுக் கழகமும், 1971ஆம் ஆண்டில் அணு எரிபொருள் வளாகமும் அவ்வட்டாரத்தில் தோன்றின. அவற்றையடுத்துத் தொழிற்கூடங்களும் குடியிருப்புகளும் பெருகின. பிழைப்பு நாடி வந்த தமிழ்க் குடும்பங்கள் சில அங்கேயே வீடு கட்டி நிலைத்துவிட்டன. எமது குடும்பமும் அவற்றுள் ஒன்று. அண்மையில் எமது அடுக்களையைப் புதுப்பிக்க நேர்ந்தது. அம்முயற்சியில் நாம் கற்றவை, வெளி மாநிலங்களில் வாழும் தமிழ் நேயர்களுக்குப் பயன்படக்கூடும் என்று கருதி இங்கே எடுத்துரைக்கின்றோம்.

புதுப்பிக்கும் எண்ணம் அழகை முன்னிட்டு எழுந்ததன்று. எழுபத்திரண்டு வயதான எம் அன்னையாருக்கு வலத்தோளில் ஓயாத நோவு கண்டது. அவரைச் சோதித்த மருத்துவர், நாம் எதிர்பாராத வினா ஒன்றைக் கேட்டார்: “உங்கள் வீட்டு அடுப்பு மேடை எவ்வளவு உயரம்?”

வீட்டுக்கு வந்து அளந்து பார்த்தோம். மேடை 91 செண்டிமீட்டர். அதன்மேல் அடுப்பு 12 செண்டிமீட்டர். அடுப்பின்மேல் சாம்பார் கொதிக்கும் பாத்திரம் 20 செண்டிமீட்டர். ஆகப் பாத்திரத்தின் விளிம்பு தரையிலிருந்து 123 செண்டிமீட்டர் உயரத்தில் நின்றது. அன்னையாரின் உயரமோ 150 செண்டிமீட்டர். அவருடைய தோளும் ஏறத்தாழ அதே 123 செண்டிமீட்டர் உயரத்தில்தான் இருந்தது. நாற்பது ஆண்டுகளாக அவர் தோள்மட்டத்திற்குக் கையை உயர்த்தியே கிளறி வந்திருக்கின்றார் என்பதை அன்றுதான் உணர்ந்தோம். மேடையைக் கட்டிய மேஸ்திரி தம் வழக்கப்படி கட்டினார். அவரைக் குறை கூறுவதற்கில்லை. சமைப்பவரை அளந்து சொல்லாதது நமது குற்றமே.

மாடுலர் கிச்சன் எனப்படும் ஆயத்த அடுக்களைகளை விற்கும் கடை ஒன்றுக்குச் சென்றோம். எட்டடிக்கு ஏழடியுள்ள எமது சிற்றறைக்கு அரைமணி நேரத்தில் அழகிய படம் ஒன்று தயாராயிற்று. பளபளக்கும் கதவுகள் இருந்தன. தலைக்குமேல் தொங்கும் அலமாரிகள் இருந்தன. ரொட்டி சுடும் மின்னடுப்புக்கும் இடம் இருந்தது. “மாவு அரைக்கும் கிரைண்டரை எங்கே வைப்பது?” என்று அன்னையார் வினவினார். “பால்கனியில் வைத்துக்கொள்ளுங்கள்” என்று விடை வந்தது.

இதில் வியப்பில்லை. ஆட்டுக்கல்லைத் தெலுங்கில் ருப்புரோலு என்பர். அதனை அறியாத வீடு இங்கும் இல்லை. ஆயினும் தெலுங்கர் இல்லங்களில் உளுந்தை மட்டும் அரைத்து, அதனோடு அரிசி ரவையைக் கலந்து இட்டிலி வார்ப்பதே பெருவழக்கு. அதற்குச் சிறு கருவி போதும். புழுங்கலரிசியையும் உளுந்தையும் தனித்தனியே அரைத்து, இரவு முழுதும் புளிக்க வைக்கும் நம் வழக்கத்துக்கோ இடமும் நீரும் பெரிய பாத்திரமும் வேண்டும். பிறர் வழக்கத்துக்கு வரைந்த படம் நம் வழக்கத்துக்குப் பொருந்தாமற் போவது இயல்பே. நம் அடுக்களையை நாம்தான் ஆராய்ந்து சொல்லல் வேண்டும்.

அடுக்களையை ஆராய்ந்து அமைக்கும் முறை புதியதன்று. 1926ஆம் ஆண்டில் ஜெர்மனியின் பிராங்பர்ட் நகரத்தில் எழுந்த புதிய குடியிருப்புகளுக்காக, மார்கரெட்டே ஷுட்டே-லிஹோட்ஸ்கி என்ற ஆஸ்திரியப் பெண்மணி ஓர் அடுக்களையை வகுத்தார். அதன் அகலம் 1.9 மீட்டர், நீளம் 3.4 மீட்டர். இரயில் உணவுப் பெட்டியில் உள்ள குறுகிய சமையலறை அவருக்கு முன்மாதிரியாயிற்று. வீண் நடையைக் குறைப்பதே அவரது நோக்கம். ஏறத்தாழப் பதினாயிரம் வீடுகளில் அவ்வகை அடுக்களை அமைந்தது. இன்றைய ஆயத்த அடுக்களைகளுக்கு அதுவே மூதாய் எனலாம். ஆனால் அது ஒருவர் மட்டும் நின்று சமைப்பதற்கென வகுக்கப்பட்டது. பொங்கலன்றும் தீபாவளிக்கு முன்னாளும் நம் வீட்டில் மூவர் சமைப்பர். அவருள் ஒருவர் தரையில் அமர்ந்து அரிவாள்மணையில் தேங்காய் துருவுவார். ஆகவே, அளந்து பார்க்கும் வழியை அப்பெண்மணியிடமிருந்து கற்போம். அளவுகளை நம் வீட்டிலிருந்தே எடுப்போம்.

நாம் ஒரு வாரம் குறிப்பெடுத்தோம். எவ்வேலை எங்கே நடந்தது, அதற்கு வேண்டிய பொருள் எங்கிருந்து வந்தது என்பதை மட்டும் எழுதினோம். அஞ்சறைப்பெட்டி அடுப்புக்கு எதிர்ச்சுவரில் இருந்தது. ஒரு வேளைச் சமையலுக்குள் அன்னையார் பன்னிரண்டு முறை திரும்பினார். கழுவிய பாத்திரம் வடிவதற்கு இடமின்றி, காய் நறுக்கும் இடத்தை அடைத்துக் கொண்டது. மாவு நிறைந்த பாத்திரம் பால்கனியிலிருந்து படியேறி உள்ளே வந்தது. இம்மூன்றையும் திருத்தினாலே பாதி வேலை முடிந்துவிடும் என்பது தெளிவாயிற்று.

செலவுக்கும் ஒரு வரிசை வகுத்துக் கொண்டோம். சுவருக்குள் செல்பவை முதலில். சுவரோடு பொருந்துபவை அடுத்து. கையால் நகர்த்தக் கூடியவை இறுதியில். கருவி தவறானால் அடுத்த ஆண்டு மாற்றலாம். சுவருக்குள் புதைத்த குழாயோ மின்கம்பியோ தவறானால் மறுபடியும் இடிக்கத்தான் வேண்டும். பலர் முதலில் குளிர்பதனப் பெட்டியை வாங்கிவிட்டு, பிறகு அதற்கு இடம் தேடுகின்றனர்.

முதலில் மின்சாரம். கருவிகளின் எடையும் அவை இழுக்கும் மின்சாரமும் ஒத்துச் செல்வதில்லை. பத்துக் கிலோவுக்கு மேல் எடையுள்ள மேசைக் கிரைண்டர் ஏறக்குறைய 150 வாட் மட்டுமே கொள்ளும். ஒரு கையால் தூக்கத்தக்க இண்டக்‌ஷன் அடுப்போ 2000 வாட் வரை கொள்ளும். 230 வோல்ட் அழுத்தத்தில் 2000 வாட் என்பது 8.7 ஆம்பியர், சாதாரண 6 ஆம்பியர் இணைப்பு அதனைத் தாங்காது. கனமான கருவிக்கு நல்ல இடம் வேண்டும்; கனமற்ற கருவிக்கு நல்ல கம்பி வேண்டும் என்று நினைவிற் கொள்க. எனவே 16 ஆம்பியர் இணைப்புகள் இரண்டைத் தனித்தனிக் கம்பியில் அமைத்தோம். நிலத்தொடர்பு சரியாக உள்ளதா என்று சோதித்தோம். மின்கசிவு 30 மில்லி ஆம்பியரை எட்டுமுன்பே மின்சாரத்தைத் துண்டிக்கும் காப்புக் கருவியையும் பொருத்தினோம். ஈரக் கையோடு வேலை செய்யும் இடத்தில் இது உயிர்காக்கும் செலவு.

அடுத்து மேடை. காய் நறுக்குமிடம் சமைப்பவரின் முழங்கையைவிட 10 முதல் 15 செண்டிமீட்டர் தாழ்ந்திருத்தல் நலம். அன்னையாரின் முழங்கை 94 செண்டிமீட்டர் உயரத்தில் இருந்தமையால், மேடையை 80 செண்டிமீட்டரில் அமைத்தோம். அடுப்பு நிற்கும் பகுதியை மட்டும் 70 செண்டிமீட்டருக்கு இறக்கினோம். இப்பொழுது பாத்திரத்தின் விளிம்பு 102 செண்டிமீட்டரில் நிற்கின்றது. பழைய மேடை கடப்பைக் கல்லால் ஆனது. அது சுண்ணாம்புக்கல் இனத்தைச் சேர்ந்தமையால், புளியும் எலுமிச்சைச் சாறும் பட்டு ஆங்காங்கே வெளுத்திருந்தது. புதிய மேடைக்குக் கருங்கல் இட்டோம். பெயர்த்த கடப்பைப் பலகைகளை வீசிவிடாமல், உள்தட்டுகளாகப் பயன்படுத்தினோம்.

கிரைண்டருக்கு 55 செண்டிமீட்டர் உயரத்தில் ஒரு தாழ்ந்த திண்ணை கட்டி, அருகில் ஒரு குழாயும் வைத்தோம். மிக்ஸி இருக்கக் கிரைண்டர் எதற்கு என்று சிலர் வினவுவர். மிக்ஸியின் அலகு மிக விரைவாகச் சுழன்று மாவைச் சூடாக்கிவிடும். கல் மெல்லச் சுழல்வதால் மாவு அவ்வளவாகச் சூடேறாது. உளுந்து காற்றை ஏற்றுப் பொங்கி வரும். கோயம்புத்தூர் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருப்பதும் ஈண்டு நினைக்கத்தக்கது. அண்டாவைச் சாய்த்து மாவை வழிக்கும் வகை, முதியோருக்கு ஏற்றது. கல்லைத் தூக்கும் சிரமம் அதில் இல்லை.

பாத்திரம் கழுவும் தொட்டியை வாங்குமுன், வீட்டில் உள்ள மிகப் பெரிய குக்கரையும் இட்டிலிப் பானையையும் அளந்து கொள்ளுங்கள். அவை படுத்து உருள இடமிருந்தால் அத்தொட்டி போதும். ஆழம் 20 செண்டிமீட்டருக்கு மிகுந்தால், உயரம் குறைந்தவர் அடித்தளத்தைத் தொடக் குனிய நேரும். கை தொட்டிக்குள் இறங்கி வேலை செய்வதால், அதன் விளிம்பு மேடையைவிடச் சற்று உயர்ந்திருப்பது நன்று. எஃகில் 304 என்னும் வகையைக் கேட்டு வாங்குக. அதில் குரோமியம் 18 விழுக்காடும் நிக்கல் 8 விழுக்காடும் இருப்பதால் துரு எளிதில் ஏறாது. தொட்டிக்குக் கீழுள்ள வளைகுழாயைப் பலர் பொருட்படுத்துவதில்லை. அவ்வளைவில் எப்பொழுதும் தேங்கி நிற்கும் நீரே, சாக்கடை நாற்றமும் கரப்பான்பூச்சியும் மேலே வராமல் தடுக்கும் கதவாகும்.

தொட்டியின் கீழே நாம் முன்பு ஒருமுறை மரத்தூள் பலகையால் அலமாரி செய்து ஏமாந்தோம். இரண்டு மழைக்காலத்தில் அது உப்பி உதிர்ந்தது. விலையை மட்டும் பார்த்தது நமது பிழை. நீர்படும் இடத்திற்குக் கல் தட்டோ எஃகோதான் ஏற்றது. மற்ற இடங்களில் ஒட்டுப்பலகை வேண்டுமாயின், ஐ.எஸ். 710 என்ற முத்திரை உள்ளதா என்று பார்க்க வேண்டும். அது கொதிநீரையும் தாங்குமாறு செய்யப்பட்ட வகை.

எரிவாயுவைப் பற்றி ஓர் எச்சரிக்கை. 14.2 கிலோ உருளையில் வரும் வாயு காற்றினும் கனமானது. கசிந்தால் தரையில் தேங்கி நிற்கும். உருளையை அலமாரிக்குள் வைத்து மூடுவோர், கதவின் அடிப்பகுதியில் காற்றுத் துளைகள் விடுதல் இன்றியமையாதது. உருளை எப்பொழுதும் நிமிர்ந்தே நிற்க வேண்டும். அடுப்பு அதனினும் உயரத்தில் இருக்க வேண்டும். குழாய்வழியே வரும் இயற்கை எரிவாயுவோ காற்றினும் இலேசானது. அது கூரையை நாடும். அதற்குச் சுவரின் மேற்பகுதியில் திறப்பு வேண்டும். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறும் வீட்டார் இவ்வேறுபாட்டை மறத்தலாகாது.

தாளிக்கும் புகைக்கு வருவோம். புகையை வெளியே தள்ளும் குழாயுடைய புகைபோக்கியே சிறந்தது. வடிகட்டி மீண்டும் அறைக்குள்ளேயே விடும் வகை, எண்ணெய்ப் பசையை ஓரளவு பிடிக்குமேயன்றி வெப்பத்தையும் ஈரத்தையும் நீக்காது. வெளிச்சுவர் அருகில் இருந்தால், நல்ல காற்றாடி ஒன்றே சிறு குடும்பத்துக்குப் போதும். நாம் காற்றாடியோடு நிறுத்திக் கொண்டோம். குளிர்பதனப் பெட்டியை அடுப்பிலிருந்து விலக்கி, அதன் பின்புறம் காற்றோட இடம் விட்டோம். அதன் மேலுள்ள நட்சத்திரக் குறிகள், ஒரே அளவுள்ள பெட்டிகளை ஒப்பிடுவதற்கே உதவும். வேண்டியதைவிடப் பெரிய பெட்டியை வாங்கிவிட்டு நட்சத்திரத்தை எண்ணுவதில் பயனில்லை.

குஷாய்குடாவின் ஆழ்துளைக் கிணற்று நீர் கடினமானது. குழாய்களில் வெண்படலம் படியும். நீரைத் தூய்மை செய்யும் கருவிகள் பல, தாம் தரும் நீரைவிட மிகுதியான நீரைக் கழிவாகத் தள்ளுகின்றன. அக்கழிவுநீரைச் சாக்கடைக்கு விடாமல் ஒரு வாளிக்குத் திருப்பினோம்; தரை துடைக்க அது போதுமானதாக இருக்கின்றது.

பொருள்களை வைக்கும் முறை எளிது. நாள்தோறும் எடுப்பவை முழங்காலுக்கும் கண்ணுக்கும் இடையே; கனமானவை கீழே; ஆண்டுக்கு ஒருமுறை எடுக்கும் வெண்கலப் பானையும் உருளியும் பரணில். ஊருக்குச் சென்று திரும்புகையில் மூட்டையாக வரும் இட்டிலி அரிசிக்குத் தரையிலிருந்து சற்று உயர்ந்த ஒரு பெட்டி வைத்தோம். கோடையில் அடுத்த வீட்டு அம்மையார் அனுப்பும் ஆவக்காய் ஜாடிக்கு, ஈரம் படாத ஒரு மூலையையும் ஒதுக்கினோம்.

வாடகை வீட்டில் வாழ்வோர் சுவரையும் மேடையையும் தொட இயலாது. அவர்களும் சிலவற்றைச் செய்யலாம். மேடை உயரமானால், உறுதியான தாழ்ந்த மேசை ஒன்றை இட்டு, நறுக்குதலையும் அரைத்தலையும் அங்கே நடத்தலாம். அஞ்சறைப்பெட்டியை அடுப்பருகே மாற்றுவதற்கு எவர் அனுமதியும் வேண்டுவதில்லை. மின்னிணைப்பின் ஆம்பியரைப் படித்துப் பார்த்த பிறகே கருவி வாங்குவதற்கும் செலவில்லை.

எமது அடுக்களை கடைக்காரர் வரைந்த படத்தைப் போல் அழகாக அமையவில்லை. மேடை ஓரிடத்தில் உயர்ந்தும் ஓரிடத்தில் தாழ்ந்தும் இருப்பதைக் காண்போர், மேஸ்திரி தவறிவிட்டாரோ என்று வினவுகின்றனர். அன்னையாரின் தோள்நோவு முற்றிலும் நீங்கிவிடவில்லை, முன்னைக்குக் குறைந்திருக்கின்றது. மாவுப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு அவர் படியேறுவது நின்றுவிட்டது. வேற்று மாநிலத்தில் ஒரு வீட்டைக் கட்டிவிடலாம். அவ்வீட்டில் நாள்தோறும் நிற்பவர் நோவின்றி நிற்கின்றாரா என்று கேட்பதற்கு நமக்கு நாற்பது ஆண்டுகள் ஆயின. நேயர்கள் அவ்வளவு காலம் காத்திருக்க வேண்டுவதில்லை. இன்று மாலையே ஓர் அளவுநாடாவை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குள் செல்லுங்கள். முதலில் சமைப்பவரை அளந்து கொள்ளுங்கள். அதன் பிறகு சுவரை அளக்கலாம்.