இரத்தம் கசியாத ஈறு நலமான ஈறா?

பல் துலக்கும்போது ஈறில் இரத்தம் கசிந்தால் நாம் அஞ்சுகிறோம். கசியாவிட்டால் ஈறு நலமாக உள்ளது என்று எண்ணுகிறோம். சிகரெட் பிடிப்பவரிடம் இந்தக் கணக்குப் பொய்த்துவிடுகிறது. ஏன் என்று பார்ப்போமா?

பல் எவ்வாறு நிற்கிறது?

மாணவர்களே, சுவரில் அடித்த ஆணியைப் போலப் பல் தாடை எலும்பில் இறுகப் பதிந்திருப்பதில்லை. வேருக்கும் எலும்புக் குழிக்கும் இடையே ஏறத்தாழ 0.2 மில்லிமீட்டர் இடைவெளி உண்டு. அங்குள்ள நார்களே பல்லைத் தாங்குகின்றன. குழியின் எலும்பு கரைந்தால், ஆழமாக ஊன்றாத கம்பத்தைப் போலப் பல் ஆடும்.

எலும்பு கரைவதற்குத் தொடக்கம், ஈறின் ஓரத்தில் படியும் பாக்டீரியாப் படலம். அதை எதிர்க்க உடல் அங்கே மிகுதியான இரத்தத்தை அனுப்புகிறது. ஈறு சிவந்து வீங்குகிறது. பிரஷ் பட்டால் இரத்தம் கசிகிறது. இது உடல் தரும் எச்சரிக்கை. இந்த அழற்சி நீடித்தால், எலும்பைக் கரைக்கும் செல்கள் மிகுதியாகச் செயற்பட்டுக் குழியின் விளிம்பு தேய்கிறது.

புகை செய்யும் மறைப்பு

சிகரெட்டிலுள்ள நிகோட்டின் இரத்தக் குழாய்களைச் சுருக்க வல்லது. 19ஆம் நூற்றாண்டில் பாய்சொய் என்ற பிரெஞ்சு மருத்துவர் கண்ட விதி ஒன்று உண்டு. குறுகிய குழாயில் பாயும் நீரின் அளவு, குழாய் ஆரத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. ஆரம் 10 சதவீதம் குறைந்தால் என்ன ஆகும்? 0.9 × 0.9 × 0.9 × 0.9 = 0.656. ஓட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு போயிற்று! இரத்தம் நீரைப் போன்றதன்று. எனினும் சிறு சுருக்கமும் பெரிய இழப்பைத் தரும் என்பது விளங்குகிறதல்லவா?

புகைபிடிப்பவரின் ஈறில் நோய் இருந்தும் சிவப்பும் கசிவும் குறைவாகவே தெரியும். நோயை எதிர்க்கும் வெள்ளணுக்களின் செயலும் கெடுகிறது. வீட்டில் தீ பரவுகிறது; அபாய மணி மட்டும் ஒலிப்பதில்லை. பல் மருத்துவர் ஈறின் ஆழத்தை அளந்து, எக்ஸ் கதிர்ப் படம் எடுக்கும்போதுதான் எலும்பு தேய்ந்திருப்பது தெரியவருகிறது.

விட்டால் பயன் உண்டா?

அமெரிக்காவில் 1988 முதல் 1994 வரை திரட்டிய விவரங்களைக் கொண்டு 2000இல் ஓர் ஆய்வு வெளியாயிற்று. புகைபிடிப்போருக்கு இந்நோய் இருக்கும் வாய்ப்பு, புகைபிடிக்காதோரைப் போல ஏறத்தாழ 4 மடங்கு. விட்டு 11 ஆண்டுகள் கடந்தோரிடமோ அது புகைபிடிக்காதோரின் நிலையை நெருங்கியிருந்தது.

புகையை விட்ட சில வாரங்களில் சிலருக்கு ஈறில் கசிவு கூடுவதுண்டு. அதற்கு அஞ்சி மீண்டும் சிகரெட்டை எடுக்கக்கூடாது. ஊமையாயிருந்த மணி மறுபடி ஒலிக்கிறது என்றே கொள்ள வேண்டும். ஆனால் கரைந்த எலும்பு பெரும்பாலும் தானாகத் திரும்ப வளர்வதில்லை.

உங்கள் வீட்டில் புகைபிடிக்கும் பெரியவர் யாரேனும், "என் ஈறில் இரத்தமே வருவதில்லை" என்று பெருமையாகச் சொன்னால், பாய்சொய் விதியை அவருக்கு விளக்குங்கள். பல் மருத்துவரிடம் ஒரு முறை காட்டச் சொல்லுங்கள். நீங்களோ, முதல் சிகரெட்டையே தொடாதீர்கள்.