கல்லும் விசுவாசமும் – 9: இரண்டு கால் கோயில்

கோட்டாறு சவேரியார் பேராலயத்தில் தேவசகாயத்தின் கல்லறையைச் சென்ற வாரம் பார்த்தோம். இந்த வாரம் ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டி வடக்கன்குளம் போக வேண்டும். இன்றைய கணக்கில் அது திருநெல்வேலி மாவட்டம். ஆனால் நாஞ்சில் நாட்டுக் கத்தோலிக்கரின் கதை அந்த ஊரைத் தொடாமல் நகராது.

நட்டாலத்தில் 1712-இல் பிறந்த நீலகண்டன், திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் அரசுப் பணியில் இருந்தவர். குளச்சல் போரில் 1741-இல் பிடிபட்டுப் பின்பு திருவிதாங்கூர்ப் படைக்கே தளபதியான, டச்சுக் கம்பெனிப் படையைச் சேர்ந்த டிலனாயிடமிருந்துதான் அவர் கிறிஸ்துவைப் பற்றிக் கேட்டறிந்தார். ஞானஸ்நானத்துக்கு டிலனாய் அவரை அனுப்பி வைத்த இடம் வடக்கன்குளம். அங்கிருந்த இயேசு சபைக் குரு புத்தாரி, 1745 மே 14 அன்று லாசர் என்ற பெயரைத் தமிழாக்கி, தேவசகாயம் என்று அவருக்குச் சூட்டினார். ஏழு ஆண்டுகளுக்குள், 1752 ஜனவரி 14 அன்று, ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள்.

அவர் மீதான குற்றம் அரசத் துரோகமே, மதமாற்றம் அல்ல என்று எழுதிய வரலாற்றாசிரியர்கள் உண்டு. திருச்சபைக்கு இது முக்கியமான கேள்வி. விசுவாசத்தின் மீதுள்ள வெறுப்பால் கொல்லப்பட்டவரைத்தான் அது மறைசாட்சி என்று ஏற்கும். கொச்சி ஆயர் 1756-இலேயே ரோமுக்கு அறிக்கை கொடுத்தும் முத்திப்பேறு பட்டம் 2012-இல்தான் வந்தது. புனிதர் பட்டம் 2022 மே 15 அன்று. நம் மக்கள் அதுவரை காத்திருக்கவில்லை. புலியூர்க்குறிச்சியில் முட்டிடிச்சான் பாறைக் குழியில் ஊறும் தண்ணீரைக் கையில் ஏந்திக் குடித்து, கொஞ்சம் குப்பியில் பிடித்து, காய்ச்சலில் கிடக்கும் பிள்ளைக்குக் கொண்டுபோவது தலைமுறை தலைமுறையாக நடக்கிறது. விலங்கிட்டு நடத்திச் செல்லப்பட்டவர் தாகத்தில் முழங்கையால் இடித்த பாறை என்பது அவர்கள் நம்பிக்கை. சாதி மதம் பார்க்காமல் எல்லோரும் குடிக்கும் தண்ணீர் அது.

இனி வடக்கன்குளத்துக்கு வருவோம். அங்குள்ள திருக்குடும்ப ஆலயத்தை ஒரு முறையாவது உள்ளே நின்று பார்க்க வேண்டும். 1872-இல் கட்டி முடிக்கப்பட்ட பெரிய கோயில். வழக்கமாகக் கோயிலுக்கு ஒரு நடுமண்டபம் இருக்கும். இங்கே இரண்டு. பீடத்தில் ஒன்றாக இருந்து, விலகி விலகி, கால்சட்டையின் இரண்டு கால்களைப் போல நீள்கின்றன. அன்று ஒரு காலில் வெள்ளாளர் இருந்தார்கள், மறு காலில் நாடார். பூசை வைக்கும் சுவாமியாரை இரு பக்கத்தாரும் பார்க்க முடிந்தது. ஒருவரையொருவர் பார்க்க முடியவில்லை. ஒரே நற்கருணை, ஒரே விசுவாசப் பிரமாணம், ஒரே மணியோசை. நடுவில் சுவர்.

இந்த அமைப்பை யோசித்து, கோடு போட்டு, கல் சுமந்து கட்டியிருக்கிறார்கள் என்பது என்னை இன்றும் உலுக்குகிறது. தற்செயலாக வந்த பிரிவல்ல இது. பிரிக்காவிட்டால் ஒரு சாரார் போய்விடுவார்கள் என்ற பயம் அன்றைய குருக்களுக்கு இருந்திருக்கும். அதைப் புரிந்துகொள்ள முடிகிறது. ஏற்க முடியவில்லை. ஒரு கோயிலை அர்ச்சிக்கும்போது ஆயர் பீடத்திலும் சுவர்களிலும் கிறிஸ்மா தைலம் பூசுகிறார். கட்டடம் அங்கே கூடுகிற மக்களின் உருவம், ஞானஸ்நானம் பெற்றவர்களே உயிருள்ள கற்கள் என்பதுதான் அந்தச் சடங்கின் பொருள். அப்படியானால் இரண்டாகப் பிளந்த கோயில் எந்த மக்களின் உருவம்? நீலகண்டன் பிறந்த சாதியை உதறி எல்லோரோடும் ஒன்றாக உட்காரத் துணிந்ததற்கு இந்த ஊர் ஞானஸ்நானம்தான் தொடக்கம்.

1910-இல் பங்குக்குரு கௌசானல் அடிகளார் காலத்தில் நடுச்சுவர் இடிக்கப்பட்டது. வெள்ளாளக் கத்தோலிக்கர் வழக்குப் போட்டார்கள். வழக்கு மதராஸ் உயர்நீதிமன்றம் வரை போனது. எதிர்வாதி திருச்சி ஆயர் பார்த். சாதியின் பேரால் கோயிலுக்குள் தனியிடம் கேட்பது நீதிமன்றம் காத்துத் தர வேண்டிய உரிமை அல்ல என்று வழக்குத் தோற்றது. பிரசங்க மேடையிலிருந்து முதல் நாளே வந்திருக்க வேண்டிய தீர்ப்பு, வெள்ளைக்காரன் கோர்ட்டிலிருந்து வந்தது.

மதச்சார்பற்ற காலம் விசுவாசத்தைக் கரைக்கிறது என்று ஐரோப்பாவில் கவலைப்படுகிறார்கள். நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் நகரில் பழைய தொமினிக்கன் கோயில் ஒன்று புத்தகக் கடையாகிவிட்டது. குமரி மாவட்டத்தில் அந்தக் கவலை இல்லை. 2011 கணக்கெடுப்பின்படி இங்கே கிறிஸ்தவர்கள் ஏறத்தாழ 47 விழுக்காடு. ஞாயிறு பூசைக்குப் பிந்தி வருகிறவர்களுக்கு முற்றம்தான் இடம். இங்கே மதச்சார்பற்ற காலம் கோயிலைக் காலி செய்ய வரவில்லை, கேள்வி கேட்க வந்திருக்கிறது. நீதிமன்றமாக வந்தது, தீண்டாமையை ஒழித்த அரசியல் சட்டத்தின் 17-ஆவது பிரிவாக வந்தது. 2017-இல் ஒரு கடிதமாகவும் வந்தது: ஓய்வுபெற்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி எம்.ஜி. தேவசகாயம், மறைசாட்சியின் பெயரிலிருந்து 'பிள்ளை' என்ற சாதிப் பட்டத்தை எடுக்கும்படி வத்திக்கானுக்கு எழுதினார். ரோமில் 2022-இல் வாசிக்கப்பட்ட பெயரில் அந்தப் பட்டம் இல்லை. அது அவரது குடும்பப் பெயர், வரலாறு என்று வருந்தியவர்களும் இருந்தார்கள். அந்த வருத்தத்தை நான் அவமதிக்கவில்லை. ஆனால் ஞானஸ்நானத் தொட்டியில் அவரே விட்டுவிட்டு வந்ததை நாம் எதற்காக எடுத்து அவர் தோளில் மறுபடி வைக்க வேண்டும்?

வடக்கன்குளத்தில் சுவர் போய்விட்டது. கோயிலின் இரண்டு கால்கள் அப்படியே இருக்கின்றன. அதை இடிக்கச் சொல்ல மாட்டேன். மறைக்கல்வி வகுப்புப் பிள்ளைகளை அங்கே கூட்டிக்கொண்டு போய், ஏன் இந்தக் கோயில் இப்படி இருக்கிறது என்று சொல்லிக் கொடுக்க வேண்டும். திருச்சி மேலப்புதூர் கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தின் சாதிச் சுவரையும் அதே வகுப்பில் சொல்ல வேண்டும்; பல ஆண்டுகளாகப் போராட்டம் நடந்த சுவர் அது. செத்தவர்களுக்கு நடுவில் நிற்கும் சுவரை எடுக்க இன்னொரு வழக்கும் இன்னொரு தீர்ப்பும் தேவையில்லை. வடக்கன்குளத்தில் 1910-இல் சுவர் விழுந்தது கோர்ட்டு சொன்ன பிறகல்ல. சுவர் விழுந்த பிறகுதான் கோர்ட்டுக்குப் போனார்கள்.

(தொடரும்)