வழி ரெண்டு, வாசல் ஒண்ணு

படகை சார்ட்டர் பண்ணி, ரெண்டு மூணு நாள் கடல்லயே தங்கப் போறோம்னா முதல்ல என்ன பார்ப்போம்? ஏசி, பெட், கிச்சன். நான் இப்போ முதல்ல பார்ப்பது வேறொன்று: தூங்குற இடத்திலிருந்து வெளியே வர எத்தனை வழி? காரணம், 'கன்செப்ஷன்'.

கலிஃபோர்னியாவில் ஸ்கூபா டைவிங் போனவர்கள் எடுத்த 75 அடி மோட்டார் படகு அது. நடுத்தளத்தில் கிச்சனும் சாப்பிடும் கூடமும். அதுக்கு நேர் கீழே அடுக்குப் படுக்கைகள். மேல்தளத்தில் கேப்டனும் ஊழியர்களும்.

2019 செப்டம்பர் 2, அதிகாலை. சாண்டா குரூஸ் தீவு ஓரமா நங்கூரம் போட்டு எல்லாரும் தூக்கம். நடுத்தளத்தில் தீ. கீழே இருந்த 34 பேரும் இறந்துட்டாங்க. மேலே இருந்த 5 பேர் மட்டும் தப்பிச்சாங்க.

கீழிருந்து ஏற ரெண்டு வழி: முன்பக்கம் படிக்கட்டு, பின்பக்கம் ஒரு படுக்கைக்கு மேலே சின்னத் திறப்பு. அன்றைய விதிப்படி அது சரி. ஆனா ரெண்டுமே திறந்தது அந்தக் கூடத்துக்குள்ளதான். பேக்கப் எடுத்து அதே டிஸ்க்ல வைக்கிற மாதிரி!

புகை அலாரம் படுக்கை அறையில் இருந்தது, கூடத்தில் இல்லை. ராத்திரி ரோந்து சுத்த வேண்டிய ஆளும் இல்லை.

அதனால படகில் ஏறினதும் மூணு கேள்வி கேளுங்க. ரெண்டாவது வழி எங்கே போய்த் திறக்குது? அலாரம் எங்கெல்லாம் இருக்கு? ராத்திரி யார் முழிச்சிருப்பாங்க? பதில் கிடைச்சதும், அந்த வழியா நீங்களே ஒருமுறை ஏறிப் பாருங்க.