சதுரமா இருந்த ஊர்... 28 பக்கமா மாறியது எப்படி? 1957-ல் அலபாமா சட்டமன்றம் போட்ட கோடு!

நீங்க வீடு மாறவே இல்லை. ஆனா, திடீர்னு ஒருநாள் ‘நீங்க இந்த ஊர்க்காரர் இல்லை, நகராட்சித் தேர்தலில் ஓட்டுப் போட முடியாது’ன்னு சொன்னா எப்படி இருக்கும்?

1957-ல் அமெரிக்காவின் அலபாமா மாகாணத்தில், டஸ்கீகி நகர மக்களுக்கு இதுதான் நடந்தது.

என்ன பிரச்னை?

டஸ்கீகியில் கறுப்பின மக்களே பெரும்பான்மை. பேராசிரியர்கள், மருத்துவர்கள்னு படித்தவர்கள் நிறைந்த ஊர். ஆனாலும், வாக்காளராகப் பதிவு செய்யப் போனா தடைக்கு மேல் தடை. அதையெல்லாம் தாண்டி சுமார் 400 பேர் பட்டியலில் இடம்பிடித்தார்கள். நகராட்சி கைமாறிடுமோன்னு வெள்ளையின அரசியல்வாதிகளுக்குப் பயம் வந்தது.

சட்டமன்றம் என்ன செய்தது?

மாகாண செனட்டர் சாம் எங்கல்ஹார்ட் ஒரு மசோதா கொண்டுவந்தார். அன்றைய சட்டமன்றத்தில் ஒரு கறுப்பின உறுப்பினர்கூட கிடையாது. மசோதா ‘சட்டம் எண் 140’ ஆனது.

அதில் இனம் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இருந்தது நகரத்தின் புதிய எல்லை மட்டும். சதுரமா இருந்த ஊர், கோணல்மாணலா 28 பக்க வடிவமானது. 400 கறுப்பின வாக்காளர்களில் 4 அல்லது 5 பேரைத் தவிர எல்லோரும் கோட்டுக்கு வெளியே! வெள்ளையின வாக்காளர் ஒருத்தர்கூட வெளியே போகவில்லை.

மக்கள் சும்மா இருந்தாங்களா?

இல்லை. வெள்ளையர்களின் கடைகளில் பொருள் வாங்குவதை நிறுத்தினார்கள். டஸ்கீகி இன்ஸ்டிட்யூட்டின் சமூகவியல் பேராசிரியர் சார்லஸ் கோமில்லியனும் மற்றவர்களும், மேயர் பிலிப் லைட்ஃபுட் உள்ளிட்டோர் மீது வழக்குத் தொடர்ந்தார்கள்.

‘நகர எல்லையை வரைவது மாகாணத்தின் அதிகாரம்’ என்று கீழ் நீதிமன்றங்கள் கைவிரித்தன. ஆனால், 1960 நவம்பர் 14 அன்று உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகளும் ஒரே முடிவுக்கு வந்தார்கள். எல்லை வரையும் அதிகாரத்தை வைத்து, இனத்தின் பேரில் ஓட்டுரிமையைப் பறிக்க முடியாது. அது 1870-ல் வந்த 15-வது சட்டத்திருத்தத்துக்கு எதிரானது என்றது நீதிமன்றத்தின் தீர்ப்பு. வழக்கு மீண்டும் கீழ் நீதிமன்றம் போனது. 1961-ல் அந்தச் சட்டம் செல்லாது என்று தீர்ப்பானது.

இது ஏன் முக்கியம்?

ஒரு சட்டத்தின் வாசகத்தை மட்டும் படித்தால் போதாது, அது யாரை உள்ளே வைக்கிறது, யாரை வெளியே தள்ளுகிறது என்றும் பார்க்கணும். டஸ்கீகியில் சட்டம் சொல்லாமல் விட்டதை, வரைபடம் சொல்லிவிட்டது.