ஓர் ஒலியைத் திரும்பக் கொண்டுவர முடியுமா?

ரயில்வே மின்பிரிவில் முப்பத்தைந்து ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவனுக்கும் மேல்நாட்டு கிதார் இசைக்கும் என்ன சம்பந்தம் என்று அன்பர்கள் கேட்கலாம். சம்பந்தத்தை உண்டாக்கியவன் என் மகன். கல்லூரி நாட்களில் அவன் எலெக்ட்ரிக் கிதார் கேட்டபோது, "வீட்டில் இந்த இரைச்சல் வேண்டாம்" என்று முடித்துவிட்டேன். வேலைக்குப் போனதும் தானே வாங்கிக்கொண்டான். இப்போது கொல்கத்தாவில் நண்பர்களோடு சேர்ந்து ஜிமி ஹெண்ட்ரிக்ஸின் மேடை இசையை அப்படியே வாசிக்கும் குழு ஒன்றை நடத்துகிறான். சென்ற மாதம், "அப்பா, ஆம்ப்ளிஃபையரில் 'ஹம்' வருகிறது, கொஞ்சம் பாருங்களேன்" என்றான். எர்த் சரியில்லை. சரிசெய்யப் போனவன் பாடம் கற்றுக்கொண்டு வந்தேன்.

ஹெண்ட்ரிக்ஸ் 1942-இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் பிறந்தவர். 1966-இல் லண்டன் சென்று புகழ் பெற்றார். 1970-இல், 27 வயதிலேயே மறைந்தார். கறுப்பின மக்களின் புளூஸ் இசையே அவருக்கு அஸ்திவாரம். அவர் இடதுகைக்காரர். வலதுகைக்காரர்களுக்கான ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிதாரைத் தலைகீழாகத் திருப்பி, கம்பிகளை மாற்றிக் கட்டி வாசித்தார். அந்தக் கிதாரில் கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் காந்தச் சுருள்களில் ஒன்று சாய்வாக இருக்கும். கிதாரைத் திருப்பினால் சாய்வும் மாறும். அதனால் தடித்த கம்பிகள் சற்றுத் தெளிவாகவும் மெல்லிய கம்பிகள் சற்று மென்மையாகவும் ஒலிக்கும். அவரைப் பின்பற்றும் குழுக்கள் இதைக்கூட விடுவதில்லை.

அடுத்து, காலால் மிதித்து இயக்கும் 'ஃபஸ் ஃபேஸ்' என்ற வட்டப் பெட்டி. உள்ளே இரண்டே டிரான்சிஸ்டர்கள். ஆரம்ப காலப் பெட்டிகளில் இருந்தவை ஜெர்மானியம் வகை. சூடு ஏறினால் ஜெர்மானியத்தின் குணம் மாறும் என்று டிப்ளமோவில் படித்தது நினைவுக்கு வந்தது. "மே மாத மதியத்தில் இது வேறு மாதிரி கத்துகிறது, அப்பா" என்றான் மகன். காரணத்தைச் சொன்னேன். அவனுக்கு ஆச்சரியம், எனக்குப் பெருமை!

இதையெல்லாம் தேடி வாங்கிவிடலாம். வாங்க முடியாதது ஒன்று உண்டு. ஹெண்ட்ரிக்ஸ் 100 வாட் மார்ஷல் வால்வு ஆம்ப்ளிஃபையர்களை ஏறக்குறைய முழு அளவில் திருப்பி வைத்து வாசித்தார். வால்வைத் தன் சக்திக்கு மேல் உழைக்க வைத்தால் மின்னலையின் முகடுகள் மழுங்கி, மூலச் சுரத்தோடு கிளைச் சுரங்களும் பிறக்கும். ஸ்பீக்கரிலிருந்து வரும் ஒலி கிதார்க் கம்பியையே மீண்டும் அதிரச் செய்யும். அந்த அதிர்வு மறுபடி ஸ்பீக்கருக்குப் போகும். இதுதான் ஃபீட்பேக். மைக்கில் 'கீச்' என்று கேட்டால் நாம் ஓடிப்போய் அணைக்கிறோம். அவரோ நின்ற இடத்தையும் கிதாரின் கோணத்தையும் மாற்றி மாற்றி அதை ஆட்டுவித்தார். 1969 ஆகஸ்டில் உட்ஸ்டாக் திடலில் அமெரிக்க தேசிய கீதத்தை வாசித்தபோது, கேட்டவர்களுக்குக் குண்டுச் சத்தமும் அழுகுரலும் கேட்டன. அது வியட்நாம் போர்க் காலம்.

சிறிய அரங்கில் அத்தனை சத்தம் வைக்க முடியாது. 100 வாட்டை 50 ஆக்கினாலும் 3 டெசிபெல்தான் குறையும். 10 வாட்டுக்கு இறக்கினால்தான் காதுக்கு ஏறக்குறைய பாதியாகத் தோன்றும். ஆகவே சிறிய ஆம்ப்ளிஃபையரை முழுதாகத் திருப்பி, ஸ்பீக்கர் அருகே நின்று வாசிக்கிறார்கள். கிதார், வால்வு, ஸ்பீக்கர், அறையின் காற்று, வாசிப்பவர் கை எல்லாம் சேர்ந்து ஒரே சர்க்யூட். ஒன்று மாறினால் ஒலியும் மாறும்.

அதனால் இது வெறும் நகல் என்று நான் இனிச் சொல்லமாட்டேன். சியாட்டிலைச் சேர்ந்த ராண்டி ஹேன்சன் ஹெண்ட்ரிக்ஸைப் போல வாசித்தே பெயர் பெற்றவர். 1979-இல் வந்த 'அபோகலிப்ஸ் நவ்' படத்தின் ஒலிப்பதிவில் கிதார் ஒலிகளைத் தரும் வாய்ப்பும் அவருக்குக் கிடைத்தது.

அன்று ஒத்திகை முடியும்வரை உட்கார்ந்திருந்தேன், காதில் பஞ்சோடுதான்! பெரிய சத்தம் காதைக் கெடுக்கும். இளைஞர்களும் இதை மறக்கக்கூடாது. சக்கரத்தைச் சுத்தியலால் தட்டி, எழும் ஒலியிலேயே விரிசலைக் கண்டுபிடித்த தொழிலாளிகளை அறிந்தவன் நான். என் மகன் எழுப்பிய ஒலியை மட்டும் பதினைந்து ஆண்டுகளாகக் காது கொடுத்துக் கேட்கவில்லை. உங்கள் வீட்டிலும் ஒரு பிள்ளை எதையாவது மீட்டிக்கொண்டிருந்தால், கதவைச் சாத்தச் சொல்லும் முன் ஒருமுறை உட்கார்ந்து கேளுங்கள்.